ஸ்டார் கட்டிய வீடு

டிசம்பர் 1, திங்கள்

மைனி, என் வீட்டுக்காரரின் அக்கா, இன்று கிறிஸ்மஸ் ஸ்டார் கட்டிவிட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் மிஷினில் உட்கார்ந்து ரோஸ்லின் டீச்சரின் ஜாக்கெட்டுக்குக் கை ஏற்றிக்கொண்டிருந்தேன். "எட்டி பிரிசி, இந்த ஸ்டூல இத்திரி வந்து பிடி" என்று வாசலிலிருந்து சத்தம். போய்ப் பார்த்தால், குளச்சலிலிருந்து வாங்கி வந்த பெரிய சிவப்பு ஸ்டாரை ஒரு கையில் வைத்துக்கொண்டு, ஆடுகிற ஸ்டூலில் ஏறி நிற்கிறாள். நாற்பத்திரண்டு வயது, சர்க்கரை, மூட்டுவலி வேறு. விழுந்து தொலைத்தால் யார் பார்ப்பது? பிடித்தேன்.

எங்கள் மரியன்துறையில் ஸ்டார் வெறும் அலங்காரம் இல்லை. சாவு விழுந்த வீட்டில் அந்த வருடம் ஸ்டார் கட்ட மாட்டார்கள். குடில் கிடையாது, புதுத்துணி கிடையாது, பலகாரம் சுட எண்ணெய்ச்சட்டி ஏறாது. டிசம்பரில் தெருவில் நடந்தால் எது துஷ்டி வீடு என்று யாரையும் கேட்க வேண்டாம், வாசலைப் பார்த்தால் போதும். எங்கள் தெருவில் இந்த வருடம் டெல்பின் வீட்டு வாசல் மட்டும்தான் இருட்டு.

டெல்பினின் புருசன் பெர்க்மான்ஸ் அண்ணனும் என் வீட்டுக்காரரும் ஒரே வள்ளத்தில்தான் மே மாதம் கடலுக்குப் போனார்கள். வள்ளம் கவிழ்ந்து கிடந்ததை யாரோ பார்த்து இழுத்து வந்தார்கள். பெர்க்மான்ஸ் அண்ணன் நாலாம் நாள் கரை ஒதுங்கினார். அடக்கம் செய்து சிலுவையும் வைத்தாயிற்று. இவர் வரவில்லை. "என் தம்பி நீந்தத் தெரியாதவனா? எந்தக் கப்பல்காரன் ஏத்திட்டுப் போனானோ, எந்த ஊர்ல கெடக்கானோ" என்று மைனி அன்றைக்குச் சொன்னாள். ஏழு மாதமாக அதே பாட்டுத்தான். கல்யாணமே வேண்டாம் என்று தம்பியை வளர்த்தவள். அவளிடம் நான் என்ன சொல்ல முடியும்?

ஸ்டாருக்கு லைட் போட்டுக் காட்டியபோது என் மகள் அபிஷா கை தட்டவில்லை. "நல்லா இருக்கு அத்தை" என்று சொல்லிவிட்டு வீட்டுப்பாடம் எழுதப் போய்விட்டாள். எட்டு வயதுப் பிள்ளை இவ்வளவு மரியாதையாகப் பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை.

டிசம்பர் 3

நாலு ஜாக்கெட், ஒரு ஃபிராக். மதியம் கரண்ட் இல்லை. கால் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது, மிஷின் ஓடாதபோதும் மிதிக்கிறது.

டிசம்பர் 6

ஃபாதர் வீடு சந்திக்க வந்தார். நல்ல மனிதர். இளவயசு, எதையும் சுற்றிவளைத்துத்தான் பேசுவார். கடல், காற்று, அபிஷாவின் மார்க்கு எல்லாம் விசாரித்துவிட்டு, "அவருக்காக ஒரு பூசை வச்சுக்கலாமான்னு யோசிச்சேன்" என்றார்.

"என்ன பூசை ஃபாதர்?" என்றாள் மைனி.

"பொதுவா ஒரு பூசை. உங்களுக்கும் மனசுக்கு ஒரு ஆறுதலா..."

"உயிரோட இருக்கவனுக்கு ஆத்தும பூசையா? வெளிய என்ன கட்டியிருக்குன்னு பாத்துட்டுத்தானே உள்ள வந்தீங்க?"

ஃபாதருக்கு முகம் சிவந்துவிட்டது. நான் அடுக்களையில் காப்பி போட்டுக்கொண்டிருந்தேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. அதைத் துடைத்துக்கொண்டிருந்ததால் பேச்சில் கலந்துகொள்ள முடியவில்லை. நான் என்ன நினைக்கிறேன் என்று ஃபாதர் என் முகத்தைப் பார்த்தார். அடுப்புதான் பெரிய நாசம்.

டிசம்பர் 8

மாதாவின் திருநாள், பள்ளிக்கூடம் லீவு. மைனி திங்கட்கிழமைதோறும் கல்லறைத் தோட்டத்துக்குப் போவாள், அவளுடைய அம்மா அப்பாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்ற. இன்று அபிஷாவையும் கூட்டிப்போனாள்.

திரும்பி வந்து அபிஷா சொல்கிறாள்: "அம்மா, அத்தை மூணு மெழுகுதிரி கொளுத்தினாங்க."

இரண்டுதான் இருக்கும். இந்தப் பிள்ளைக்கு இன்னும் ஒழுங்காக எண்ண வரவில்லை. கணக்கு டீச்சரைப் பார்த்துப் பேச வேண்டும்.

டிசம்பர் 12

மைனி துணி எடுத்து வந்தாள். அபிஷாவுக்கு மஞ்சள் ஃபிராக் துணி, எனக்கு ஊதாப் புடவை, அவருக்கு நீலத்தில் சட்டைத்துணி.

"கிறிஸ்மஸுக்குள்ள தச்சு வச்சிரு. ஸ்டார கட்டிட்டு அவனுக்கு மட்டும் துணி எடுக்கலன்னா நாலு பேரு என்ன நினைப்பாங்க?"

"உங்களுக்கு எங்க மைனி?"

"எனக்கு என்னத்துக்கு? போன வருசத்தது அப்படியே கெடக்கு."

சரி என்றேன். அளவு எனக்குத் தெரியும், பழைய சட்டையைத் தேட வேண்டாம். ஆனால் இந்த வாரம் தலைக்கு மேல் வேலை. ஊரே புதுத்துணி உடுத்த வேண்டுமென்றால் என் இடுப்பு ஒடிய வேண்டும். ஊர்த்துணியை முடித்துவிட்டுத்தான் வீட்டுத்துணி. நீலத்துணியை ஜாக்கெட் துணிகளுக்கு அடியில் வைத்தேன்.

டிசம்பர் 15

நீலச் சட்டைக் காலருக்குள் விறைப்புக்கு வைக்கிற பேஸ்ட் தீர்ந்துவிட்டது.

டிசம்பர் 17

குடில் வேலை. மைனியும் அபிஷாவும் முன்னறையில் பாதியை அடைத்துவிட்டார்கள். சாக்கைக் கஞ்சியில் முக்கி மலை, கடல் மண், வைக்கோல், தாளில் செய்த ஆட்டிடையர்கள். எல்லா வருடமும் இதை அவர்தான் செய்வார். யாரையும் பக்கத்தில் விடமாட்டார், பசை கேட்டுக் கத்துவார். இந்த வருடம் கத்தல் இல்லாமல் சீக்கிரம் முடிந்துவிட்டது. பார்க்க நன்றாகவும் இருக்கிறது, அதுதான் எரிச்சல்.

ரோஸ்லின் டீச்சர் ஜாக்கெட் வாங்க வந்தாள். "உங்க வீட்டுலயும் குடிலா?" என்று கேட்டுவிட்டு உடனே, "நல்லது, நல்லது" என்றாள். போடும்போது கை கொஞ்சம் பிடிக்கிறது என்றாள். பிடிக்காது, நான் தைத்தது.

டிசம்பர் 20

இன்றைக்கு நடந்ததை எழுதாமல் இருக்க முடியாது.

சாயங்காலம் கேரல் வந்தது. இளைஞர் மன்றத்துப் பையன்கள், இரண்டு டிரம், ஒரு கிறிஸ்மஸ் தாத்தா. கேரல் ஸ்டார் கட்டிய வீட்டுக்குத்தான் ஏறும், துஷ்டி வீட்டைத் தாண்டும்போது டிரம்மை நிறுத்திவிட்டுப் பேசாமல் போவார்கள். அடுத்த வீட்டு ஜெசிந்தா முற்றத்தில் ஒரே ஆட்டம். தாத்தா குட்டிக்கரணம் போடாத குறை. அடுத்தது எங்கள் வீடு.

வாசலில் வந்து நின்றார்கள். ஸ்டாரைப் பார்த்தார்கள். ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பார்த்தான். இவர்களை நடத்துகிறவன் லிபின், என் வீட்டுக்காரரோடு கடற்கரையில் பந்து விளையாடிய பையன். அவன் என்னமோ கண்ணைக் காட்டினான். டிரம் இல்லாமல், ஆட்டம் இல்லாமல், மெல்லிய குரலில் ஒரு பாட்டு பாட ஆரம்பித்தார்கள். கிறிஸ்மஸ் பாட்டுத்தான், ஆனால் அடக்கப் பூசையில் பாடுகிற இழுவை. தாத்தா தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். பஞ்சு மீசையோடு தலை குனிந்து நிற்கிறார். எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு முட்டுகிறது, இன்னொரு பக்கம் கதவைச் சாத்திவிடலாம் போல இருக்கிறது.

மைனி உள்ளேயிருந்து ஓடி வந்தாள். "என்னலே பாட்டு இது? கொட்டுங்கலே! கொட்டத் தெரியாதா உங்களுக்கு?"

பையன்கள் கொட்டினார்கள். பயத்தில் கன்னாபின்னாவென்று கொட்டினார்கள். தாத்தா தொப்பியை அவசரமாக மாட்டிக்கொண்டு தனியாக ஆடினார். மைனி கை தட்டினாள். தெருவில் யாரும் தட்டவில்லை. லிபின் போகும்போது, "அக்கா, தப்பா நினைக்காதீங்க, எப்பிடிப் பாடணும்னு எங்களுக்குத் தெரியல்ல" என்றான். எனக்கும் தெரியாது தம்பி என்று சொல்ல வாய் வந்தது. மிட்டாயைக் கையில் கொட்டி அனுப்பினேன்.

டிசம்பர் 22

ஊர்த்துணி முடிந்தது. அபிஷாவின் ஃபிராக்கும் முடிந்தது. அச்சுமுறுக்கு, முந்திரிக்கொத்து சுட்டோம். யார் தின்னப் போகிறார்கள் என்று தெரியாமல் இரண்டு பெரிய டின் நிறைய.

டிசம்பர் 24

அலமாரியில் நீலத்துணி இடம் மாறி இருந்தது. அடியில் வைத்தது மேலே மடிப்பு மாறிக் கிடந்தது. வெட்டவே இல்லை என்பது யார் பார்த்தாலும் தெரியும். எலியாக இருக்கும். மைனி சட்டையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து வீட்டைத் துடைத்தோம்.

டிசம்பர் 25

பூசைக்குப் போனோம். கோழிக்கறி. கதவைத் திறந்துவைத்து, குடிலுக்கு லைட் போட்டு, வாசலில் பலகாரத் தட்டோடு உட்கார்ந்திருந்தோம். கிறிஸ்மஸிலிருந்து புதுவருசம் வரை எங்கள் ஊரில் குடும்பம் குடும்பமாக வீடு வீடாகப் போய்க் குடில் பார்ப்பார்கள். ஸ்டார் எரிந்தால் யாரும் ஏறலாம், கூப்பிட வேண்டியதில்லை.

ஜனங்கள் எங்கள் வாசலில் நடையை மெதுவாக்குகிறார்கள். நிமிர்ந்து ஸ்டாரைப் பார்க்கிறார்கள், பிறகு என்னைப் பார்க்கிறார்கள். தெரு முனையில் ஏதோ வேலை இருக்கிற மாதிரி போய்விடுகிறார்கள். அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. உள்ளே வந்து என்ன சொல்வார்கள்? ஹேப்பி கிறிஸ்மஸ் என்பதா, மனசைத் தேற்றிக்கொள் என்பதா?

டின்னில் ஒரு முறுக்குக் குறையவில்லை.

டிசம்பர் 26

"நம்ம வீட்டுக்கு யாரும் வரல்லன்னா நாம போவோம்" என்றாள் மைனி. பிடிவாதம் பிடித்தால் அவ்வளவுதான். சாயங்காலம் மூன்று பேரும் குடில் பார்க்கக் கிளம்பினோம். நான் ஊதாப் புடவை, அபிஷா மஞ்சள் ஃபிராக். மைனி மட்டும் சாயம் போன சாம்பல் நிறச் சேலை.

"புதுசு இல்லாட்டாலும் போன வருசத்து நல்ல சேலைய உடுத்தியிருக்கலாமே."

"இடுப்புல நிக்க மாட்டேங்கு" என்றாள். சேலை இடுப்பில் நிற்காதென்று இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறேன்.

முதலில் கத்தார்க்காரர் வீடு. ஹால் முழுக்கக் குடில். அருவி, பாலம், காற்றாடி, சுற்றிச் சுற்றி ஓடுகிற ரயில். பெத்லகேமுக்கு ரயில் எப்போது விட்டார்கள் என்று தெரியவில்லை. நல்ல கூட்டம், காது கிழிகிற பாட்டு. நாங்கள் படியேறினதும் வீட்டுக்காரி போய்ப் பாட்டைக் குறைத்தாள். கூட்டம் தானாக விலகி வழிவிட்டது. முன்னால் போகச் சொல்லி ஒருவர் கையைக் காட்டினார், அடக்கத்துக்கு வந்த சொந்தக்காரர்களுக்குக் காட்டுவது போல. அபிஷா ரயிலைப் பார்க்க ஆரம்பித்த பிறகு பேச்சே இல்லை. ரயில் சத்தம் மட்டும் கேட்கிறது.

"ஏதாவது சேதி உண்டா?" என்று வீட்டுக்காரி கேட்டாள்.

"வரும்" என்றாள் மைனி.

கேக்கைத் தட்டில் வைத்துத் தராமல் தாளில் பொதிந்து கையில் தந்தாள். நாங்கள் வெளியே இறங்கினதும் பாட்டு பழையபடி ஏறியது.

அடுத்து ரோஸ்லின் டீச்சர் வீடு. சின்ன குடில், தேங்காய் நாரில் அழகாகச் செய்திருந்தாள். என்னைக் கண்டதும் கட்டிப்பிடித்தாள். பண்டிகைக்குக் கட்டிப்பிடிக்கிறாள் என்று நினைத்தேன். விடவில்லை. முதுகைத் தடவத் தொடங்கிவிட்டாள். இன்னும் கொஞ்சம் தடவினால் அங்கேயே கத்தியிருப்பேன். "கை இறுக்கமா இருக்கா டீச்சர்? பிரிச்சுத் தரட்டா?" என்று கேட்டு விடுவித்துக்கொண்டேன்.

வெளியே வந்து, "போதும் மைனி, வீட்டுக்குப் போவோம்" என்றேன்.

"ரெண்டு வீடுதானே ஆச்சு."

"எனக்குக் கால் வலிக்கு."

"மூட்டுவலிக்காரி நான் நடக்கேன், உனக்கு என்னட்டி?"

இப்படிச் சண்டை போட்டுக்கொண்டே வந்ததில், அபிஷா கையை உருவிக்கொண்டு ஓடியது தெரியவில்லை. பார்த்தால் டெல்பின் வீட்டு வாசலில் நிற்கிறாள்.

"மக்ளே, அங்க குடில் இல்ல. வா" என்றாள் மைனி.

"தெரியும். ரோகன் இருக்கான்."

ரோகன் டெல்பினின் மகன், இவள் வகுப்பு. புதுத்துணி உடுத்திக் குடில் பார்க்கக் கிளம்பியவர்கள் அந்த வழியில் துஷ்டி வீட்டுக்குள் ஏறக் கூடாது. இதை யோசிப்பதற்குள் அவள் உள்ளே போய்விட்டாள். பின்னாலேயே நாங்களும் ஏற வேண்டியதாயிற்று. என் ஊதாப் புடவை பளபளவென்று எனக்கே கண்ணைக் கூசியது.

டெல்பின் பாயில் உட்கார்ந்திருந்தாள். சுவரில் பெர்க்மான்ஸ் அண்ணன் படம், மாலை, சின்ன சிவப்பு லைட். படத்துக்குக் கீழே வரிசையாக மூடிவைத்த பாத்திரங்கள். துஷ்டி வீட்டில் அடுப்பு பண்டிகைக்கு எரியாது என்பதால் சொந்தமும் தெருவும் கொண்டு வந்து கொடுத்தது. ஆப்பம், இடியாப்பம், கறி, முறுக்கு. வீடே மணத்தது.

"வாங்க மைனி. வா பிரிசி" என்றாள். எங்கள் துணியைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை. "இருங்க, திங்கலாம். இவ்வளவையும் நானும் இவனும் என்ன செய்ய?"

உட்கார்ந்தோம். தட்டு போட்டாள். ஆப்பத்தைப் பிட்டு வாயில் வைத்தபோதுதான் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்று உறைத்தது.

"உங்க வீட்டுக்கு என்னெல்லாம் கொண்டாந்தாங்க?" என்று டெல்பின் கேட்டாள்.

"எங்களுக்கு யாரு கொண்டு வருவா? ஸ்டார் கட்டியிருக்கே. நாங்கதான் கொடுக்கணும்."

"வந்து வாங்கினாங்களா யாராவது?"

நான் தட்டைப் பார்த்தேன்.

டெல்பின் என் தட்டில் இன்னொரு ஆப்பம் வைத்தாள். பிறகு சொன்னாள்: "நான் தினமும் உங்க ஸ்டார பாத்து வையுவேன் பிரிசி. பொய் சொல்லல்ல. எனக்கு மட்டும் ஏன் பொணத்தக் கொண்டுவந்து போட்ட, அவளுக்கு மட்டும் ஏன் நம்பிக்கைன்னு மாதாட்ட சண்ட பிடிப்பேன். இப்ப உங்களப் பாத்தா பாவமா இருக்கு. எனக்கு அழறதுக்காவது ஆள் வந்துச்சு."

மைனிக்குப் புரையேறியது. நான் தலையில் தட்டினேன். என் கையைத் தள்ளிவிட்டாள். "நான் எனக்காகவா கட்டினேன்?" என்றாள். "இவ நம்பிட்டுக் கெடக்கா. இவட்ட போய் அவன் இல்லன்னு நான் எந்த வாயால சொல்லுவேன்? இவளுக்காகத்தான் கட்டினேன்."

எனக்கு வந்தது பாருங்கள் கோபம்.

"யாரு நம்பினா? நானா? பெர்க்மான்ஸ் அண்ணன் வந்த அன்னைக்கே எனக்குத் தெரியும்! நீங்க விழுந்துருவீங்கன்னுதான் வாயத் தொறக்கல்ல!"

"அன்னைக்கா தெரியும் உனக்கு? வள்ளத்த இழுத்துட்டு வந்தப்பவே எனக்குத் தெரியுமடி! உடைஞ்சு கெடந்த அந்த எஞ்சினப் பாத்ததுமே தெரியும்!"

"அப்ப எதுக்குச் சட்டைத்துணி?"

"நீ கேப்பன்னு! எடுக்கலன்னா நீ அழுவன்னு!"

யாருக்கு முதலில் தெரியும் என்று இரண்டு பேரும் துஷ்டி வீட்டில் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்தினோம். டெல்பின் எங்கள் இருவரின் கையையும் பிடித்துக்கொண்டு அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. எத்தனை மாத எரிச்சல்! ஒரே வீட்டில், ஒரே அடுக்களையில், ஒருத்திக்கொருத்தி நடித்திருக்கிறோம். இதற்குப் பிள்ளையையும் சேர்த்துக்கொண்டோம்.

அபிஷா ரோகனோடு மூலையில் முறுக்குத் தின்றுகொண்டிருந்தாள். "அத்தை, கத்தாதீங்க. இது துஷ்டி வீடு" என்றாள். பிறகு முறுக்கைப் பார்த்துக்கொண்டே, "நம்ம வீடும் அதுதானே" என்றாள்.

டிசம்பர் 27, சனி

காலையில் காப்பி குடித்ததும் ஸ்டாரைக் கழற்றினோம். கடையில் வாங்கிய பொருள், கழற்ற ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மைனி முற்றத்தில் உட்கார்ந்து வயரைச் சுற்றிக்கொண்டிருந்தாள். கிறிஸ்மஸுக்கு நடுவில் ஸ்டாரை இறக்குகிற வீட்டை இந்த ஊர் இதுவரை பார்த்ததில்லை.

ஜெசிந்தா குழாயடியில் குடத்தோடு நின்றாள். எங்களைப் பார்த்தாள். குடத்தை அப்படியே கீழே வைத்தாள், தண்ணீர் பாட்டுக்கு ஓடியது. முடியை அவிழ்த்துவிட்டு, ஒரு வார்த்தை கேட்காமல் எங்கள் முற்றத்தில் ஏறி, தரையில் உட்கார்ந்து, மைனியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "ஆல்பனே, நீ போயிட்டியே" என்று அழ ஆரம்பித்தாள்.

அவர் பேரை ஒருத்தர் சத்தமாகச் சொல்லி நான் கேட்டு எத்தனை காலம். என்னிடம் எல்லோரும் அவர் இவர் என்றுதான் சொல்வார்கள். இந்த டைரியில் நானும் அப்படித்தான் எழுதி வந்திருக்கிறேன்.

அதற்கப்புறம் தெரு முழுக்க வந்தது. யாரும் யாருக்கும் சொல்லி அனுப்பவில்லை. கத்தார்க்காரி வந்தாள். ரோஸ்லின் டீச்சர் வந்து முதுகைத் தடவினாள், நான் விலகவில்லை. லிபின் வாசலில் பையன்களோடு நின்றான். ஃபாதர் வந்து, பூசை எந்த நாளில் என்று மைனியிடம் நேராகக் கேட்டார், மைனி நேராகப் பதில் சொன்னாள். டெல்பின் என் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். நான் அழுதது எனக்கே பயமாக இருந்தது. மிருகம் மாதிரி அழுதேன்.

மதியத்துக்குள் பாத்திரம் பாத்திரமாகச் சாப்பாடு வந்துவிட்டது. எங்கள் அடுப்பை மூட்டக் கூடாது என்று ஜெசிந்தா அடுக்களை வாசலிலேயே உட்கார்ந்துகொண்டாள். அபிஷா இரண்டு தட்டுச் சோறு தின்றுவிட்டு என் பக்கத்திலேயே தூங்கிப்போனாள். மைனி எனக்குச் சோற்றில் மீன்குழம்பைப் பிசைந்து ஊட்டினாள். ஏழு மாதத்தில் இன்றைக்குத்தான் வயிறு நிறையச் சாப்பிட்டேன். என் புருசன் ஆல்பன் செத்துப்போனார்.